இரண்டு மூட்டை குளுக்கோஸ்

நொதி தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது என்று வீட்டில் சொன்னபோது, அப்பா தறியிலிருந்து எழாமலேயே கேட்டார்: "நாங்கள் பாவுக்குப் போடுகிற கஞ்சியைத் தின்னும் பூச்சியை வளர்க்க உனக்குச் சம்பளமா?"

சொன்னது கேலிதான் என்றாலும் கணக்கு சரி. சென்னிமலையில் போர்வை நெய்கிற குடும்பம் எங்களுடையது. பாவு நூலுக்குக் கஞ்சி போடாமல் தறியில் ஏற்றினால், தறியில் நூல் நுழைந்து வரும் விழுதிலும் பண்ணையிலும் உரசி உரசி நூல் சிலும்பிக்கொண்டு அறுந்துவிடும். அப்பாருவின் காலத்தில் விடியுமுன் தெருவோடு பாவை நீட்டி, அரிசிக் கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் உலர்த்தி எடுத்துவிடுவார்களாம். இப்போது பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் சைசிங் மில்களில் குச்சிக்கிழங்கு மாவில் அந்த வேலை நடக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அது மரவள்ளி. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் ஜவ்வரிசியாகும் அதே கிழங்குதான்.

நெய்து முடித்ததும் அந்தக் கஞ்சியே எதிரியாகிவிடுகிறது. காய்ந்த மாவுப்படலம் இருக்கிற துணியில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். தண்ணீரில் அலசினால் அது போகாது. ஒரு காலத்தில் துணியை நாள்கணக்கில் ஊறப்போட்டு, புளித்துக் கரைய விடுவார்கள். அவசரக்காரர்கள் அமிலத்தைக் காட்டுவார்கள், மாவோடு பருத்தியும் கொஞ்சம் வெந்துபோகும். மாவை மட்டும் வெட்டிப் பருத்தியைத் தொடாத ஒரு பொருள் வேண்டியிருந்தது. பாக்டீரியாவிலிருந்து அமைலேஸ் நொதியை எடுத்து இந்த வேலைக்குக் கொண்டுவந்தவர்கள் புவாதென், எஃப்ரோன் என்ற இருவர். 1910-களில், ஐரோப்பாவில். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் சாயப்பட்டறைகள் அந்த முறையை விடவில்லை. திருப்பூர் பனியன் துணிக்குப் பாவும் கிடையாது, கஞ்சியும் கிடையாது. அங்கே 'பயோ வாஷ்' என்று சொல்வது பெரும்பாலும் பூஞ்சையிலிருந்து வருகிற வேறொரு நொதி. அந்தக் கதைக்கு நான் போகவில்லை.

நான் சேர்ந்தது பெருந்துறைப் பக்கம் ஒரு சிறிய தொழிற்சாலை. பாக்டீரியா வளர்க்கும் 2,000 லிட்டர் தொட்டியான பெர்மென்டர் ஒன்று, பழைய பாய்லர் ஒன்று, நான் உட்காரும் ஆய்வகம் ஒன்று. ஆய்வகத்தின் பாதியில் கணக்குப்பிள்ளையின் பீரோ நிற்கும். உள்ளே வளர்ப்பது பேசில்லஸ் இனத்துக் கோல்வடிவ பாக்டீரியா. இதன் உறவுக்காரனான பேசில்லஸ் சப்டிலிஸ் உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்வது. 1835-ல் ஏரன்பெர்க் வேறு பெயரில் விவரித்ததை, 1872-ல் ஃபெர்டினாண்ட் கோன் இப்போதுள்ள பெயருக்கு மாற்றினார். வைக்கோல் பேசில்லஸ் என்றும் சொல்வார்கள். நம் ஊரில் சோளத்தட்டு பேசில்லஸ் என்று சொன்னாலும் தப்பில்லை. கல்லூரி நாட்களில் எங்கள் தட்டுப்போரிலிருந்து ஒரு கைப்பிடி உருவி, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் தட்டில் தடவியிருக்கிறேன். மற்றதெல்லாம் செத்துப்போன பிறகும் இது முளைத்து வந்தது. வித்துகளாக உறங்கினால் கொதிநீரையும் தாண்டிவிடும்.

சேர்ந்த இரண்டாவது மாதம் அந்தச் சம்பவம் நடந்தது.

இரவுப்பணியில் இருந்த அண்ணன் அனுபவசாலி. பாய்லர் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அன்று பாக்டீரியா மந்தமாக வளர்வதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. இருபத்தைந்து கிலோ குளுக்கோஸ் மூட்டை இரண்டைப் பிரித்துக் கரைத்து உள்ளே விட்டுவிட்டார். காலையில் நான் வந்தபோது நுரை மேல்குழாயை எட்டியிருந்தது. மாதிரி எடுத்துப் பார்த்தேன். கலங்கல் அளவு, அதாவது பாக்டீரியாவின் அடர்த்தி, அதுவரை நான் பார்த்ததிலேயே அதிகம். முதலாளிக்கு வாயெல்லாம் பல். அண்ணனுக்கு அப்போதே டீ வந்துவிட்டது.

பிறகு அமைலேஸ் பார்த்தேன். சோதனை எளிது. மாவுக்கரைசலில் நம் திரவத்தை ஊற்றி, குறித்த நேரம் கழித்து அயோடின் சொட்டு விட வேண்டும். மாவு மிச்சம் இருந்தால் நீலம். வெட்டுப்பட்டிருந்தால் நீலம் கரைந்து, செந்நிறமாகி, கடைசியில் அயோடினின் மஞ்சள் மட்டும் நிற்கும். அன்று வந்தது நீலம். இரண்டாம் முறையும் நீலம். அயோடின் கெட்டுவிட்டதோ என்று புதிதாகக் கலந்து விட்டேன், அது இன்னும் நல்ல நீலமாக வந்தது.

ஏராளமான பாக்டீரியா, நொதி ஏறக்குறைய இல்லை.

முதலாளிக்கு மாடுகள் உண்டு. "ஏனம்மணி, தீனி கூடப் போட்டால் பால் கூடத்தானே கறக்க வேண்டும்?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குள் இருக்கும் அனுமானம்தான் தவறு. மாடு நமக்காகக் கறக்கிறது என்பதே பாதி கற்பனை, பாக்டீரியா விஷயத்தில் அது முழுக் கற்பனை. பேசில்லஸ் அமைலேஸை வெளியே அனுப்புவது பட்டறைக்காரருக்காக அல்ல. மாவு மூலக்கூறு அதன் உடம்புக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. அதனால் கத்தரியை வெளியே அனுப்பி, அங்கேயே துண்டாக்கி, சின்னத் துண்டுகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வாய்க்குள்ளேயே குளுக்கோஸை ஊட்டிவிட்டால் கத்தரி செய்ய அதற்கு என்ன தலையெழுத்து?

இந்த அளவுக்கு முதலாளியும் ஒப்புக்கொண்டார். சர்க்கரை வந்துவிட்டது என்று அதற்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு உற்சாகம் வந்தது. அங்கே இருப்பது மூளை அல்ல. பாஸ்பேட்.

ஹெச்பிஆர் என்று ஒரு குட்டிப் புரதம். எண்பத்தெட்டு அமினோ அமிலங்கள்தான். பாஸ்பேட் என்ற சின்ன பாஸ்பரஸ் துணுக்கை இது இரண்டு இடத்தில் சுமக்கும். பதினைந்தாம் இடத்தில் இருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தில் ஏறினால் கூலி வேலை: வெளியிலிருந்து வரும் சர்க்கரையின் தலையில் அந்தப் பாஸ்பேட்டை வைத்து உள்ளே இழுக்கும் வரிசையில் இதுவும் ஒரு கை. அந்த வரிசையை ரோஸ்மனின் குழு 1964-ல் கண்டுபிடித்தது. நாற்பத்தாறாம் இடத்து செரினில் ஏறினால் கதையே வேறு. அங்கே பாஸ்பேட் ஏற்றுவதற்கென்று தனியாக ஒரு நொதி இருக்கிறது. செல்லுக்குள் குளுக்கோஸ் உடைபடும் பாதையில் பிரக்டோஸ் பிஸ்பாஸ்பேட் என்ற இடைப்பொருள் பெருகினால் அது முடுக்கம் பெறும், செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.-யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து ஹெச்பிஆரின் நாற்பத்தாறாம் இடத்தில் ஒட்டிவிடும். சாப்பாடு தாராளமாக வருகிறது என்பதற்கு அதுதான் முத்திரை.

முத்திரை விழுந்த ஹெச்பிஆர், சிசிபிஏ என்ற இன்னொரு புரதத்தோடு சேரும். இரண்டும் ஜோடியாகப் போய் டி.என்.ஏ.-வில் அமைலேஸ் மரபணுவின் வாசலில் உட்கார்ந்துகொள்ளும். எழுத்து தொடங்கும் அதே இடத்தில்! படியெடுக்க வரும் நொதிக்குக் கால் வைக்க இடமில்லை. அமைலேஸ் உற்பத்தி படுத்துவிடும். சிசிபிஏவுக்கான மரபணுவை டீனா ஹென்கினும் உடன் ஆய்வாளர்களும் 1991-ல் அடையாளம் கண்டது, குளுக்கோஸ் இருக்கும்போது அமைலேஸ் ஏன் நின்றுபோகிறது என்று தேடிப் போனபோதுதான். எங்கள் இரவுப்பணி அண்ணன் செய்த அதே காரியத்தை அவர்கள் ஆய்வகத்தில் வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இன்னொன்று. முத்திரை குத்தும் அந்த நொதியே முத்திரையை அழிக்கவும் செய்யும். சர்க்கரை தீர்ந்து, செல்லுக்குள் தனிப் பாஸ்பேட்டின் அளவு ஏறிவிட்டால், அது எதிர்த் திசையில் வேலை செய்து ஹெச்பிஆரிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும். கதவைப் பூட்டுகிறவனிடமே சாவி. வாசல் காலியாகும், அமைலேஸ் மறுபடி எழுதப்படும்.

இவ்வளவையும் முதலாளியிடம் இந்த வரிசையில் சொல்லவில்லை. "குளுக்கோஸ் மீதி இருக்கிற வரைக்கும் அது வேலைக்கு வராதுங்க" என்று மட்டும் சொன்னேன். அடுத்த தடவை மூட்டை கணக்கில் கொட்டுவதை நிறுத்தினோம். குச்சிக்கிழங்கு மாவும் சோயா மாவும் அடித்தளம், குளுக்கோஸ் சொட்டுச்சொட்டாக. தொட்டியில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சர்க்கரை தீர்ந்ததும் பாக்டீரியாவின் மூச்சு தளர்ந்து, ஆக்சிஜன் முள் விருட்டென்று ஏறும். அப்போது கொஞ்சம் விட வேண்டும், மறுபடி காத்திருக்க வேண்டும். அண்ணனுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. பட்டினி போட்டு வேலை வாங்குவது பாவம் என்றார். மூன்றாம் நாள் காலை அயோடின் மஞ்சளாகவே நின்றது. அன்று டீ எனக்கு வந்தது.

இதோடு விட்டிருக்கலாம். பாஸ்பேட் விஷயத்தில் ஒருமுறை காலை விட்டவர்கள் சீக்கிரம் வெளியே வருவதில்லை. முதுகலைக்காகக் கோவையில் இருந்த இரண்டு வருடத்தில் நான் பார்த்தது இதன் இன்னொரு பக்கம், புரதத்தை வெட்டும் நொதிகளின் பக்கம். பேசில்லஸ் வெளியிடும் சப்டிலிசின் சலவைத்தூளில் ரத்தக்கறை போக்குகிறது, பட்டின் பசை நீக்கப் பயன்படுகிறது, தோல் பதனிடுகிறவர்கள் முடி கழற்ற அதன் இன நொதிகளை எடுத்துக்கொள்கிறார்கள். அதன் உற்பத்தியை மேய்ப்பது டெக்-எஸ், டெக்-யூ என்ற இரண்டு புரதங்கள். ஒன்று உணரும், மற்றது செயல்படும். பாக்டீரியாவில் இப்படிப்பட்ட ஜோடிகள் ஏராளம், பேசில்லஸ் சப்டிலிஸில் மட்டும் முப்பதுக்கு மேல்.

டெக்-எஸ் முதலில் தன் மேலேயே பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கிறது, 189-ஆம் இடத்தில் இருக்கும் ஹிஸ்டிடினில். அதை அப்படியே டெக்-யூவின் 56-ஆம் இடத்து அஸ்பார்ட்டேட்டுக்கு மாற்றிவிடுகிறது. ஹெச்பிஆரின் செரினில் ஒட்டிய பாஸ்பேட்டை எடுக்க ஒரு நொதி வர வேண்டும். இந்த இரண்டு இடங்களில் அது அப்படி நிலைப்பதில்லை. ஹிஸ்டிடின் பாஸ்பேட் அமிலம் பட்டாலே உதிரும். பழைய சோதனை முறைகள் பலவற்றில் அமிலம் ஒரு கட்டாயக் கட்டம், அதனால் இந்த வகைப் பாஸ்பேட் வெகுநாள் கண்ணுக்குத் தப்பியே திரிந்தது. விலங்குகளில் புரதத்தின் மேல் பாஸ்பேட் ஏறி இறங்குவதைக் காட்டிய கிரெப்ஸுக்கும் ஃபிஷருக்கும் 1992-ல் நோபல் கிடைத்தது. அவர்கள் அந்த வேலையைத் தொடங்கியது 1950-களில். பாக்டீரியாவில் ஒரு புரதம் இன்னொன்றுக்குப் பாஸ்பேட் கைமாற்றி மரபணுவை இயக்குவதை நின்ஃபாவும் மகசானிக்கும் 1986-ல்தான் காட்டினார்கள்.

பாடப்புத்தகம் இந்த ஜோடியை 'சுவிட்ச்' என்று எழுதும். பாஸ்பேட் ஏறினால் விளக்கு எரியும், இறங்கினால் அணையும். எனக்கு அந்த உவமையோடு சண்டை உண்டு. கிணற்றுப் பாசனக் காட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: மேட்டில் நின்று எட்டிப் பார்க்கும்போது தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை படி தெரிகிறது என்றுதான் கேட்பார்கள். தண்ணீர் அடியில் கிடந்தால் சோளம், எள். பாதிக்கு ஏறினால் பருத்தியோ கடலையோ. மேல்படி தொட்டால்தான் மஞ்சள், வாழை. ஒரே கிணறு, மட்டத்துக்கு ஒரு பயிர்.

டெக்-யூவும் அப்படித்தான். பாஸ்பேட் ஏறாத டெக்-யூவுக்கே ஒரு வேலை இருக்கிறது: வெளியில் கிடக்கும் டி.என்.ஏ.-வை உள்வாங்கும் பக்குவத்துக்குச் செல்லைத் தயார்செய்ய அது உதவும். கொஞ்சம் ஏறினால் கூட்டமாகப் பரவி நீந்தும் குணம் தூண்டப்படும். இன்னும் ஏறினால் மடிப்பு மடிப்பாகப் படலம் கட்டும். நிறைய ஏறினால் நீச்சல் அடங்கி, புரதம் வெட்டும் நொதிகள் பொங்கும். இந்த மட்டக் கணக்கை 2007-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் இருந்த குழு ஒன்று, செல்லுக்குள் பாஸ்பேட் ஏறிய டெக்-யூவின் அளவைப் படிப்படியாகக் கூட்டிக் காட்டியது. படித்தபோது எனக்கு எங்கள் கிணற்றுப் படிக்கட்டுதான் கண்ணில் நின்றது.

சப்டிலிசினுக்கு டெக்-யூவின் சம்மதம் மட்டும் போதாது. ஸ்போ-ஜீரோ-ஏ என்ற புரதத்தின் மேலும் பாஸ்பேட் ஏற வேண்டும், அது வருகிற வழி நீளமானது. உணரும் புரதம் ஸ்போ-ஜீரோ-எஃப்புக்குக் கொடுக்கும், அது பி-க்கு, பி கடைசியாக ஏ-க்கு. 1991-ல் ஹோக்கின் குழு இதை வெளியிட்டது. வீட்டுக்கு கான்கிரீட் போடும் நாளில் கீழிருந்து மாடிவரை ஆட்கள் வரிசையாக நின்று பாண்டு சட்டியைக் கைமாற்றுவார்களே, அதே ஏற்பாடு. நேராக ஒருவரே தூக்கிக்கொண்டு போகலாமே என்று தோன்றும். வரிசை நீளமானால் நடுவில் நிறுத்தச் சொல்ல ஆட்களுக்கு இடம் கிடைக்கிறது, அதுதான் விஷயம். எஃப்பின் கையில் இருக்கும்போதே பாஸ்பேட்டைத் தட்டிவிடும் புரதங்கள் உண்டு, ஏ-க்கு வந்த பிறகு பிடுங்கும் புரதங்கள் வேறு உண்டு. அத்தனை பேரும் விட்டுக்கொடுத்தால்தான் சட்டி மேலே போகும். போனதும் ஸ்போ-ஜீரோ-ஏ, சப்டிலிசின் மரபணுவை அதுவரை அழுத்தி வைத்திருந்த ஏபிஆர்பி என்ற காவலாளியின் உற்பத்தியை நிறுத்தும்.

இத்தனை கையெழுத்து வேண்டியிருப்பதால் ஒரே குடுவையில் வளரும் ஒரே வம்சத்துச் செல்களில் எல்லாமே சப்டிலிசினைச் செய்வதில்லை. ஒரு பகுதி செய்யும், மற்றவை செய்யாது. 2008-ல் ஒளிரும் புரதத்தை மரபணுவோடு இணைத்து, செல் செல்லாகப் பார்த்தபோது இது பளிச்சென்று தெரிந்தது. வெட்டிக் கிடைக்கும் துண்டுகளோ குடுவையில் எல்லாருக்கும் பொது. எங்கள் தெருவில் கல்யாணத்துக்குப் பந்தல் கட்ட நான்கு பேர், சாப்பிட நானூறு பேர் என்று அப்பா சொல்வது நினைவுக்கு வந்து, நூலகத்தில் தனியாகச் சிரித்து மாட்டிக்கொண்டேன்.

எங்கள் தொழிற்சாலைக்கு இந்தப் பக்கம் தொல்லைதான். அமைலேஸ் எடுக்கிற திரவத்தில் புரதம் வெட்டும் நொதி மிகுந்தால், அது அமைலேஸையும் புரதமாகத்தான் பார்க்கும். கேனில் அடைத்து வைத்த சரக்கு மெல்ல மெல்ல வீரியம் இழக்கும். முதலாளிக்கு இதை விளக்கியபோது, "ஒரே வீட்டுக்குள் கத்தரியும் கத்தியும்" என்றார். அதற்குப் பிறகு, பொங்கி முடிந்த தொட்டியை இரவு முழுக்க அப்படியே விடாமல் சீக்கிரம் குளிர்வித்து வடிகட்டச் சொல்லிவிட்டார். சொல்லி வைத்ததுபோல அன்றே கூலிங் டவர் மோட்டார் எரிந்தது.

முதுகலையில் எனக்குக் கொடுக்கப்பட்ட இரண்டு வகைகளில் ஒன்று சாதாரண சப்டிலிஸ். மற்றது டெக்-யூவின் 229 அமினோ அமிலங்களில் பன்னிரண்டாவது மட்டும் மாறியது, ஹிஸ்டிடின் இருக்க வேண்டிய இடத்தில் லூசின். அந்த ஒரே மாற்றத்தால் ஏறிய பாஸ்பேட் சீக்கிரம் இறங்க மறுக்கிறது. இரண்டையும் பால் கலந்த வெள்ளைத் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் புள்ளி வைத்தேன். மறுநாள் சாதாரண வகையைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம், பால் கரைந்து தெளிந்திருந்தது. மாறிய வகையைச் சுற்றி ஓர் அகல வட்டம். அடியில் வைத்திருந்த செய்தித்தாளின் எழுத்தை அதன் வழியே படிக்க முடிந்தது. என்னை மறந்து பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இதை வளர்த்தால் போதுமே, எதற்கு மற்றது என்றாள் அவள்.

இரண்டிலிருந்தும் ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தோம். சாதாரண வகை கண்ணாடிக்கடியில் சந்தைநாள் கூட்டம்போல ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நீந்தியது. மாறிய வகையில் நெடுநேரம் குவியத்தைத் திருகிக்கொண்டிருந்தேன். கோல்கள் தெளிவாகத்தான் தெரிந்தன. நீந்த உதவும் கசையிழை ஒன்றிலும் இல்லை. நீரின் நடுக்கத்துக்கு லேசாக ஆடியபடி, வைத்த இடத்திலேயே கிடந்தன.